கொடுத்தது சரிதானா

ஜூலை 8, திங்கள்

புத்தாண்டுக்கு மருந்துக் கம்பெனி ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன டைரி ஒன்று கடை அலமாரியில் வெறுமனே கிடந்தது. கடை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டு எடுத்து வந்தேன். இதற்கு முன் டைரி எழுதிப் பழக்கமில்லை. புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கடை, அதே கவுண்டர். எழுத என்ன இருக்கிறது?

சனிக்கிழமை தபால் ஆபீஸ் பெரியவருக்கு பி.பி. மாத்திரை கொடுத்தேன். சீட்டில் இரண்டரை மில்லிகிராம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது, ஐந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று ஒரு நினைப்பு. இரண்டு அட்டையும் ஒரே நீலம். நேற்று முழுக்க அதுவே. இன்று கடைக்குப் போனதும் இருப்பை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி தனியாகத்தானே கடையைப் பார்த்தார்? நான் ஒன்று மாற்றிக் கொடுத்து, அவரும் ஒன்று மாற்றிக் கொடுத்து, இரண்டும் சேர்ந்து கணக்கு நேராகியிருந்தால்?

மாவு ஆட்டியாயிற்று. மகள் தர்ஷனாவின் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று.

ஜூலை 11, வியாழன்

பெரியவர் இருமல் மிட்டாய் வாங்க வந்தார். நன்றாக இருக்கிறார். “சனிக்கிழம வாங்குன மாத்திரைய ஒரு தடவை காட்டுங்களேன்” என்றேன். “அதையும் மடியில கட்டிக்கிட்டா அலையுதேன்?” என்று சிரித்தார்.

ஆள் நன்றாக இருக்கிறார் என்பது போதாதா? போதும்.

ஜூலை 19, வெள்ளி

தறி மோட்டார் எரிந்துபோனது. இவருக்கு நாலு விசைத்தறி, வீட்டை ஒட்டியே கொட்டகை. அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து இவருக்கு மெதுவாகப் பேச வராது. “சாப்பிடுதியா?” என்று என்னைக் கேட்டால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் வடக்குத் தெரு வழியாக வீட்டுக்கு வருகிறேன். சுற்றுவழிதான். அங்கே காய் மலிவு. சுவர்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். புதிதாக இரண்டு. ஒருவர் வெளியூரில் இறந்தவர். இன்னொரு அம்மா நம் கடைக்கு வருகிறவரில்லை. படத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டேன்.

காய் வாங்க மறந்துபோனது. ரசம்தான்.

ஜூலை 27, சனி

மத்தியானம் மாரிக்கனி வந்தாள். எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. மாமனார் போன பிறகு இவள்தான் ஏலம், லோடு, கணக்கு எல்லாம் பார்க்கிறாள். ஆம்பிளைகளை அதட்டி வேலை வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவை, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, எட்டாக மடித்த சீட்டை நீட்டுவாள். மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. பழுப்புக் கவரில் போட்டுத்தான் வாங்குவாள். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பாவம். எவ்வளவு வசதி இருந்து என்ன?

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடிவெள்ளி. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே நகராட்சி ஆபீஸ் டைப்பிஸ்ட் வீட்டுக்கும், அடுத்த தெருவில் சர்க்கரை மாத்திரை வாங்கிய அம்மா வீட்டுக்கும் போய்விட்டு வந்தேன். இரண்டு பேருக்கும் கொடுத்தது சரிதான். கோயில் நடை சாத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாரிக்கனிக்குக் கொடுத்தது இருபது மில்லிகிராமா, நாற்பதா? பத்து நாளாக அதே யோசனை. சீட்டில் இருபது என்றுதான் இருந்தது. அவளிடம் போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டால் அவள் பார்த்துச் சொல்வாள். சரியாகப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்கே போனேன். அவள் மார்க்கெட்டில் இருந்தாள். மாமியார்தான் கதவைத் திறந்தார்.

“மாரிக்கனி அக்கா எங்க கடையில வாங்குன மாத்திரைய ஒரு தடவை பாக்கணும். அட்டைல நம்பர் ஒன்னு சரிபாக்கணும்.”

“மாத்திரையா? அவளுக்கு என்னத்துக்கு மாத்திரை?”

“சும்மா, ஒரு தடவை பாத்தாப் போதும்.”

அந்த அம்மா உள்ளே போய் நெடுநேரம் தேடினார். சேலை அடுக்கின் அடியிலிருந்து பழுப்புக் கவரோடு வந்தார். இருபதுதான். அப்பாடா என்று இருந்தது.

“இது எதுக்குள்ள மாத்திரை?” என்று கேட்டார். “டாக்டர்ட்ட கேட்டுக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

தெருமுனை வருவதற்குள், அட்டையின் பின்பக்கத்தைச் சரியாகப் படித்தேனா என்று மறுபடி ஒரு சந்தேகம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாரிக்கனி வந்தாள். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். கவரில்லாமல் அட்டையை அப்படியே கவுண்டரில் எறிந்தாள்.

“யாரக் கேட்டு எங்க வீட்டுக்கு வந்திய?”

வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

“எங்க அத்தை இத எடுத்துக்கிட்டுப் போயி இன்னொரு கடைல விசாரிச்சிருக்காவ. இப்ப வீட்டுக்கு வாரவ போறவகிட்டயெல்லாம் காட்டுதாவ. கடைச் சாவிய வாங்கிட்டாவ. ‘கிறுக்குக்கு மாத்திரை திங்கவகிட்ட எப்படிக் கணக்கு வழக்க விடுதது’ன்னு எம் முன்னாலயே கேக்காவ. அவரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு. மூணு வருசமா ஒளிச்சு வச்சிருந்தேன். ஒரே நாள்ல முடிச்சுட்டிய.”

“மாத்திரை சரியாத்தான் இருந்துச்சுக்கா” என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

“சரியா இருந்துச்சுல்லா? பெறகு எதுக்கு வந்திய?”

“சரியான்னு பாக்க.”

“பாத்தாச்சுல்லா. இப்பச் சரின்னு தெரிஞ்சுட்டா?”

கவுண்டரில் கிடந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் எத்தன வீட்டுக்குப் போனிய?”

சொன்னேன். டைப்பிஸ்ட் வீடு, சர்க்கரை அம்மா, இன்னும் சில வீடுகள். இந்த டைரியில்கூட எழுதாதவை. சொல்லச் சொல்ல எனக்கே புதிதாகக் கேட்டது.

அவள் கோபம் குறையவில்லை. ஆனால் குரலை இறக்கினாள். “எனக்கு வந்தது வேற. சின்னவன் பொறந்த பெறகு எந்திரிக்கவே முடியாமக் கெடந்தேன். தென்காசி பெரியாஸ்பத்திரி பெஞ்சுல எம் பக்கத்துல ஒரு பொம்பள இருந்தா. கேஸ் அடுப்ப அணைச்சமா இல்லையான்னு வீட்டுக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருப்பா. அணைச்சிருக்குன்னு சொல்லுவாவ. வச்ச கையோட மறுபடி அடிப்பா. உங்களப் பாத்தா அவள மாதிரித்தான் இருக்கு. போயி டாக்டர்ட்ட காட்டுங்க.”

போகும்போது திரும்பி, “உங்க நல்லதுக்குச் சொல்லல. இன்னொருத்தி வீட்டுக்குப் போயிரக் கூடாதுல்லா, அதுக்காகச் சொல்லுதேன்” என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கவனமாக இருக்கிறேன், அவ்வளவுதான். மருந்து கொடுக்கிற இடத்தில் கவனமாக இல்லாமல் எப்படி?

ஆகஸ்ட் 14, புதன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

தர்ஷனாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டேன். காய்ச்சல் மருந்தை மூடியில் ஊற்றினேன். அளவு கோட்டுக்கு நேராக இருந்தது. ஒருவேளை கோட்டைத் தப்பாகப் படித்தால்? அடுப்படித் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். இது கைக்குழந்தைக்குக் கொடுக்கிற கெட்டி மருந்தாக இருந்தால்? லேபிளைப் படித்தேன். இல்லை. லேபிளைத்தான் நம்ப முடியுமா? கொட்டினேன். ஊற்றினேன்.

இவர் கொட்டகையிலிருந்து வந்தபோது நான் தொட்டி முன்னால் நின்றிருக்கிறேன். பிள்ளை பாயில் அனலாய்க் கிடந்திருக்கிறாள்.

“மருந்து குடுத்தாச்சா?”

“இல்ல.”

“பாட்டில் காலியாக் கெடக்கே?”

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வேறு பாட்டில் வாங்கி வந்தார். மூடியில் ஊற்றிப் பிள்ளை வாயருகே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. பிள்ளை அழுதாள். “யம்மா, அப்பாவ விடும்மா. எனக்கு மருந்து வேணும்மா.”

ஒன்பது வயசுப் பிள்ளை மருந்து வேண்டும் என்று அழுவதை எந்தத் தாயாவது பார்த்திருப்பாளா?

இவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கிற்று. பிறகு என்னை உட்கார்த்தி வைத்துக் கேட்டார். எல்லாம் சொன்னேன். போஸ்டர்கள், வீடுகள், மாரிக்கனி.

“எனக்கு ஒன்னும் புரியல செல்வி” என்றார். அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம், தறிக்கு லீவு. தகவல் கேட்டு மைனி வாசுதேவநல்லூரிலிருந்து வந்துவிட்டாள். இவருக்கு மூத்த அக்கா. கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு.

“யாரோ கண்ணு வச்சிருக்காவ. இதக் கட்டு. ஆஸ்பத்திரி அது இதுன்னு வெளிய தெரிஞ்சிரப்பிடாது. பொட்டப்பிள்ள வச்சிருக்க. நாளைக்கு ஒரு எடத்துல பேச்சு வந்தா ‘தாய்க்காரிக்குக் கிறுக்கு’ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாவ.”

“மோட்டார் ஓவரா ஓடுனா மெக்கானிக்கத்தான கூப்பிடுதோம்?” என்று இவர் கத்தினார்.

“ஏல, இவ என்ன மோட்டாரா?” என்றாள் மைனி.

கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மைனி சொல்வதும் சரியாகப் பட்டது. இவர் சொல்வதும் சரியாகப் பட்டது. மாரிக்கனி சொன்னதை நினைத்தால் கோபம் வந்தது, அதுவும் சரியாகத்தான் பட்டது. என் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்துத்தான் அந்தக் கடையே நடக்கிறது. எனக்கு மண்டைக்குச் சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டால்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தென்காசி. மனநலப் பிரிவு. காலையில் பஸ் ஏறும்வரை போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தர்ஷனாவைப் பள்ளியில் விடும்போது, “அடுத்த காய்ச்சலுக்கு யாரு மருந்து தருவா?” என்று கேட்டாள். அதனால் இருக்கலாம்.

பெஞ்சில் எங்கள் ஊர் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சீட்டு போடுகிற இடத்தில் “என்ன தொந்தரவு?” என்று கேட்டதும் இவர், “சந்தேகம்! மனசுல சந்தேகம் விடவே மாட்டேங்கு!” என்று தறிக் கொட்டகைக் குரலில் சொன்னார். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எதிர் வரிசையில் ஒரு கிழவர் மட்டும், “எனக்குந்தான்” என்றார்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். “இதை ஓ.சி.டி., தமிழ்ல எண்ணச் சுழற்சி நோய்னு சொல்லுவோம். நீங்க மருந்தாளுநர், படிச்சிருப்பீங்க.” படித்திருக்கிறேன். பாடத்தில் ஒரு பத்தி. கை கழுவிக்கொண்டே இருப்பவர்கள் என்று போட்டிருந்தது. நான் கை கழுவுவதில்லையே?

“மாத்திரை தாரேன். கொஞ்ச வாரம் ஆகும். அதோட, சந்தேகம் வந்தாலும் போய்ப் பாக்காம இருந்து பழகணும். அதுக்கு இங்க ஆலோசகர் இருக்காங்க.”

“போய்ப் பாக்காம இருந்து, நெஜமாவே ஒருத்தருக்கு மாத்திக் குடுத்திருந்தா?”

“கவுண்டர்ல ஒரு தடவை பாத்துக் குடுங்க. அது உங்க வேலை. அதுக்குப் பிறகும் நூத்துக்கு நூறு உறுதி வேணும்னு மனசு கேக்குதே, அந்த உறுதி யாருக்குமே கிடையாது. எனக்கும்தான்.”

இது ஆறுதலா, பயமுறுத்தலா? பஸ்ஸில் வரும்போது இவரிடம் கேட்டேன். இவர் தூங்கிப்போயிருந்தார்.

சான்றிதழைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். வைத்தியம் பார்ப்பதால் யாரும் அதைப் பறிக்கமாட்டார்கள் என்றாள். நம்பலாமா?

ஆகஸ்ட் 21, புதன்

மாத்திரையைத் தென்காசியில் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருப்பார்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வந்துவிட்டேன். கடையில் நானே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப் போனால் இருபதா நாற்பதா என்று அங்கேயே நின்றுவிடுவேன். சீட்டை அண்ணாச்சியிடமே நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “யாருக்கும்மா இது?”

“எனக்குத்தான் அண்ணாச்சி.”

சீட்டை மறுபடி படித்தார். அட்டையை எடுத்தார். கத்தரித்தார். “சாப்பாட்டுக்குப் பின்னயா?”

“ஆமா.”

“கவுண்டர்ல நிக்க முடியுமா?”

“தெரியல அண்ணாச்சி.”

“எனக்கும் தெரியல. நில்லு, பாப்போம். நீ எடுத்துக் குடுக்கத நான் பில்லு போடும்போது பாத்துக்கிடுதேன்.” கொஞ்சம் கழித்து மெதுவாக, “ஆனா வெளிய யார்ட்டயும் மூச்சு விட்ராத. ஏவாரம் படுத்துரும்” என்றார்.

பழுப்புக் கவரில் போட்டுத்தான் கொடுத்தார்.

செப்டம்பர் 5, வியாழன்

குமட்டல். தூக்கம் முன்னே பின்னே. ஆலோசகர் கொடுத்த பயிற்சி, வடக்குத் தெரு வழியாக வரக் கூடாது. வராமல் இருந்தேன். போஸ்டர் பார்க்காத அன்றைக்கெல்லாம் ஊரில் யாரோ செத்துக் கிடக்கிற மாதிரியே இருக்கிறது.

முந்தாநாள் கொஞ்சம் லேசாக இருந்தது. மாத்திரையாலா, கடையில் கூட்டம் குறைவாக இருந்ததாலா? மைனி போன் பண்ணி, “கயிறு வேலை செய்யுது பாத்தியா” என்றாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாரிக்கனி மார்க்கெட்டுக்குப் போவதே இல்லை என்று அண்ணாச்சி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நான் கொடுத்த மாத்திரையால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. நான் பார்க்கப் போனதால்தான் ஒருத்திக்கு ஆகியிருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தோன்றியது. மறுபடி சரிபார்க்கத்தான் மனசு இழுக்கிறதோ? இவரிடம் கேட்டேன். “போயி என்ன சொல்லப் போற?” சொன்னேன். “அப்போ அது வேற. நானும் வாரேன்” என்றார். “நீங்க வெளியவே நில்லுங்க” என்றேன். இவர் பேசினால் தெருவே வந்துவிடும்.

மாமியார் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மாரிக்கனியின் புருஷன் தங்கத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்படிக் கதவில் மாரிக்கனி. என்னைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது.

நின்றபடியே சொன்னேன். “அம்மா, அன்னைக்கு நான் நம்பர் பாக்க வரல. எனக்கு மனசுல ஒரு நோவு இருக்கு. குடுத்த மாத்திரை சரிதானான்னு வீடு வீடாப் போய்ப் பாத்தேன். இப்ப டாக்டர்ட்ட காட்டுதேன். அக்கா சாப்பிடுத அதே மாத்திரையத்தான் நானும் சாப்பிடுதேன். சாப்பிட்டுக்கிட்டேதான் கடைல நின்னு ஊருக்கே மருந்து குடுக்கேன். அக்கா மூணு வருசமா இதச் சாப்பிட்டுக்கிட்டேதான் உங்க கணக்கு வழக்கையெல்லாம் பாத்தாவ. ஒரு ரூவா தப்பியிருக்கா?”

அந்த அம்மா பூண்டைக் கீழே வைத்தார். “அப்போ கிறுக்கு குடுத்த மருந்தத்தான் நாங்க இத்தன நாளா தின்னமா?”

“ஒன்னும் ஆகலல்லா?” என்றேன்.

சொன்ன பிறகுதான், ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகம் பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து அவர்கள் வீட்டு மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது.

“இனி உங் கடை வாசப்படி மிதிக்க மாட்டோம்” என்றார் மாமியார். தங்கத்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மாரிக்கனி அடுப்படிக்குள் போய்விட்டாள். வாசலில் இவர், “என்ன சொன்னாவ?” என்று கேட்டது நிச்சயம் உள்ளே கேட்டிருக்கும்.

போனது சரியா? தெரியவில்லை. அண்ணாச்சி சொல்லாதே என்றாரே.

அக்டோபர் 1, செவ்வாய்

அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை சாத்தும்போது, “ஏவாரம் ஒன்னும் குறையல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்டோபர் 19, சனி

சாயங்காலம் நல்ல கூட்டம். தீபாவளி நெருங்குகிறது, துணி எடுக்க வந்தவர்களெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரிக்கனி வந்தாள். புடவையில் எலுமிச்சைச் சாற்று வாடை. மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

சீட்டை விரித்துக் கவுண்டரில் வைத்தாள். “ஒரு மாசத்துக்கு.”

எடுத்தேன். சீட்டைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன். ஒரு தடவை. கவரை எடுக்கப் போனேன்.

“கவரு வேண்டாம்” என்று அட்டையைக் கூடையில் போட்டாள்.

“சாவி…” என்று இழுத்தேன்.

“லோடு வந்து ரெண்டு நாளாக் கெடந்து அழுகுச்சு. கணக்குப் பாக்க ஆளில்ல. அவரா கொண்டாந்து குடுத்தாரு. எங்க அத்தை இன்னும் எங்கூடப் பேசல.” மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அதெல்லாம் வேண்டாம். எனக்கு இன்னும் ஆறல” என்றாள். பிறகு, பக்கத்தில் நின்ற ஆட்கள் கேட்கவே, “உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு? மாத்திரை கேக்குதா?” என்று கேட்டாள்.

அண்ணாச்சி பில் போடுவதை நிறுத்தினார்.

“சில நாளு கேக்குக்கா. சில நாளு பழையபடி இருக்கு” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நிப்பாட்டிராதிய.” பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். போகவில்லை. திரும்பவும் விரித்தாள்.

அப்போது வந்தது. கொடுத்தது இருபதா, நாற்பதா? அண்ணாச்சி பில் போடும்போது என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார், அட்டையைப் பார்த்திருப்பாரா? மாரிக்கனி ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒரு குரல் கொடுத்தால் திரும்பி வருவாள், கூடையிலிருந்து எடுத்துக் காட்டுவாள், முடிந்துவிடும். தொண்டை வரை வந்துவிட்டது. வாசுதேவநல்லூர் பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது போன பிறகு அவள் இல்லை.

அந்தப் பெண் சீட்டை நீட்டியபடி நின்றாள். வாங்கினேன்.

இதை எழுதும்போதும் தெரியவில்லை, இருபதா நாற்பதா. தெரியாமலே விளக்கை அணைக்கப் போகிறேன்.